கோல்கீப்பரின் மருதாணி

சூடானின் ஓம்துர்மான் நகரில் எங்கள் தெருக் கால்பந்து அணிக்கு முத்தஸிம்தான் கோல்கீப்பர். அவனுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் ஊரில் மாப்பிள்ளை மருதாணிக்குப் பூவும் கொடியும் கிடையாது. உள்ளங்கை முழுக்க ஒரே நிறமாக, திட்டே இல்லாமல் கருஞ்சிவப்பாகப் பிடிக்க வேண்டும்.

அவன் அக்கா இஜ்லால் காலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும் என்று சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தாள். மெல்லிய துணியில் சலித்துக் குழைத்த விழுதை ஒரே கனமாகப் பூசி, முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் அவனை உட்கார்த்தினாள்.

"விரலை மடக்காதே. வெடிச்சா திட்டுத் திட்டா ஆயிடும்."

"மூக்கு அரிக்குதுக்கா."

"அரிக்கட்டும். மாப்பிள்ளைன்னா சும்மாவா?"

அந்த நேரம் பார்த்து அவன் கூட்டாளி ஹாத்திம் பந்தோடு உள்ளே வந்தான். வாழ்த்துச் சொல்ல வந்தவன், "டேய், பிடிடா!" என்று உதைத்தான்.

முத்தஸிம் யோசிக்கவே இல்லை. தாவினான், பிடித்தான். அருமையான பிடி. பந்தை விட்டபோது இரண்டு உள்ளங்கைகளிலும் நடுவே விழுது வழித்தெடுத்தாற்போல் போயிருந்தது.

இஜ்லாலின் செருப்பு ஹாத்திமின் காதை உரசிக்கொண்டு பறந்தது.

"அடப்பாவி! ஓரமெல்லாம் செவந்து நடுவுல வெளுத்துக் கிடந்தா பொண்ணு வீட்டுல சிரிக்க மாட்டாங்களா?"

"கோல் விழலையேக்கா," என்றான் முத்தஸிம்.

அவள் ஓரத்து விழுதை வழித்துவிட்டு, வெளுத்த நடுப்பகுதியில் மட்டும் புதிதாக வைத்தாள். அது ஓரத்து நிறத்தை எட்டிப்பிடித்ததும் கை முழுக்க மறுபடி பூசினாள்.

"கெடுத்தவன் நீ. நீயே காவல் இரு," என்று சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை ஹாத்திமிடம் நீட்டினாள். காய்ந்த இடத்தையெல்லாம் அவன் விரலால் நனைத்தான், உதிர்ந்ததை எடுத்து ஒட்டினான். மசித்த மொச்சையில் ரொட்டி தோய்த்து ஊட்டினான். மூக்கையும் சொறிந்துவிட்டான்.

கைபேசி அடித்தது. மணப்பெண் ரிஹாப். ஹாத்திம் அதைத் தூக்கிப் பிடிக்க, முற்றம் முழுக்கக் கேட்டது.

"யார்கிட்டயும் சொல்லிடாதே. டான்ஸ் ஆடிப் பார்த்தேனா... உள்ளங்கால் மருதாணி பாதி தரையில ஒட்டிக்கிச்சு!"

இஜ்லாலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரியான ஜோடிதான்! கழுவிடாதேம்மா, அப்படியே உட்காரு. நான் வர்றேன்," என்று மீதி விழுதோடு கிளம்பினாள்.

மறுநாள் மாலை, கொட்டடித்துப் பாடிக்கொண்டு வந்த அத்தைமார்கள் மாப்பிள்ளையின் கைகளை விளக்கருகே திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். குறை சொல்ல ஒரு புள்ளி கிடைக்கவில்லை. மணப்பெண்ணின் கால்களிலும் அப்படித்தான்.

கடைசியில் அவர்கள் கண்ணில் பட்டவை ஹாத்திமின் விரல்கள். சிவந்து கிடந்தன.

"இந்தத் தம்பிக்கும் மருதாணி போட்டாச்சா? யாருப்பா பொண்ணு?"

அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். ஆனால் பக்கத்தில் நின்ற அவன் அம்மா, "நல்ல இடமா இருந்தா சொல்லுங்க," என்று அத்தைமார்களை நெருங்கி உட்கார்ந்துவிட்டாள்.