ஆமேனுக்குக் கட்டிய கயிறு

1

ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்தபோது, "கரையூரிலை முப்பத்திநாலாம் ஆண்டு தொடங்கின ஒரு இலத்தீன் பாட்டு இன்னும் முடியேல்லை" என்று அளந்துவிட்டேன். பக்கத்து இலைக்காரர் "பிறகு?" என்றார். பாயசம் வந்து என்னைக் காப்பாற்றியது. இப்போது பாயசம் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

2

கரையூர் மாதா கோயிலின் பாடற்குழுத் தலைவர் செபநாயகம் மழையைப் பார்த்தபடி ஜன்னலோரம் நின்று

(வேண்டாம். அவர் கரைவலை இழுப்பவர். ஜன்னலோரம் நிற்க அவருக்கு ஏது நேரம்?)

மாதாவைக் கடலின் விண்மீனே என்று அழைக்கும் பழைய இலத்தீன் செபத்துக்குச் செபநாயகம் புதிதாக மெட்டுக் கட்டினார். புதிது என்பது அவர் சொல். அது வலை இழுக்கும்போது பாடும் அம்பாவின் மெட்டு. நாலு குரலாகப் பிரித்து, கொஞ்சம் மெதுவாக்கி, தலைவாரிப் பவுடர் பூசி விட்டிருந்தார். பாடற்குழுவின் பன்னிரண்டு பேரும் அவரோடு வலை இழுப்பவர்கள். அம்பாவோ, வலை கரையேறும்வரை நிற்காது.

ஒத்திகையில் ஆமேன் வந்தது. பாடினார்கள், பாடினார்கள், பாடிக்கொண்டேயிருந்தார்கள். ஆர்மோனியத்தில் இருந்த பங்குக் குருவான பிரெஞ்சுச் சுவாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, ஆர்மோனியத்தை மூடினார்.

"பாட்டு நல்லது, செபநாயகம். ஆனால் முடிவில்லை. திருநாளிலும் இப்படி என்றால், இனி எப்போதும் பழைய பாட்டுத்தான்."

செபநாயகம் முப்பது வருடம் ஆரோ கட்டிய மெட்டைப் பாடியவர். தன்னுடையதைப் பீடத்தின் முன்னால் கேட்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை.

3

அவருக்காக முடிவு தேடினேன்.

ஒன்று: சுவாமி மனமிரங்கி (இரங்கமாட்டார். படைத்தவன் எனக்குத் தெரியாதா?)

இரண்டு: செபநாயகம் கடலுக்குப் போனவர் திரும்பாமல் (சீ. ஒரு பாட்டை முடிக்க ஆளைக் கொல்வதா?)

மூன்றாவது என்னுடையதல்ல. அவர் மனைவி லூர்த்தம்மா மீன் அரிந்துகொண்டே சொன்னது.

"கையிலை கயிறில்லாமல் உவங்களுக்கு எப்ப நிப்பாட்டிறதெண்டு எப்பிடித் தெரியும்?"

"கோயிலுக்குள்ளை வலையைக் கொண்டுபோகச் சொல்லுறியே?"

"மணிக்கயிறு இருக்கெல்லே. போதுமெண்ட உடனை ஆராவது இழுக்கட்டும். மணி கேட்டா வலை ஏறீற்றுது."

4

திருநாள். பூசைக்கு வேறு ஊர்ச் சுவாமி. நம்முடையவர் ஆர்மோனியத்தில். மணிக்கயிற்றைப் பிடித்தபடி கோயில் வேலையாள் சந்தியோகு.

ஆமேன் வந்தது. பின்வரிசை ஆண்களின் கைகள் தாமாகக் காற்றை இழுக்கத் தொடங்கின. சந்தியோகுவும் கயிற்றை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அவர்களோடு இழுக்கிறான்.

(நானும் கொஞ்சம் இழுத்தேன்.)

நம் சுவாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். துடைத்து மாட்டினால் ஆர்மோனியம் மூடப்படும். செபநாயகத்தின் பாட்டும் அதோடு சரி. அதற்குமுன் மணி அடித்தால் பாட்டு பிழைக்கும்.

செபநாயகத்தின் கன்னம் நனைந்திருக்கிறது. இன்னும் ஒரு ஆமேன், இன்னும் ஒன்று என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

கயிறு ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள். வேண்டுமென்றுதான் அங்கே நிறுத்தினேன். சுவாமி ஒரு பக்கக் கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டார்.