பத்து மாதம்

சலவைக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள், ஓடி விளையாடும் தன் மகனை ஒரு கண்ணால் பார்த்தபடி கேட்டாள்: "பாப்பாவுக்கு என்ன வயசுங்க?"

ஒன்றரை வயதாகியும் நடக்காத மகளை மடியில் இறுக்கிக்கொண்டு, "பத்து மாசம்" என்று பொய் சொன்னாள் தாய்.

மகளோ வழுக்கி இறங்கினாள். பெஞ்சைப் பிடித்து நின்றவள், கையை விட்டுவிட்டுத் துணிக்கூடை வரை தத்தித் தத்தி நடந்தே போனாள். இதற்காகத்தான் தாய் தவம் கிடந்தாள்.

"அடேங்கப்பா, பத்து மாசத்துலயே நடையா! எங்க வாண்டு ஒன்றரை வயசு தாண்டித்தாங்க எழுந்தே நின்னான். பெத்தா இப்படிப் பெக்கணும்!"

கூடையைப் பிடித்தபடி மகள் திரும்பி, அம்மா கைதட்டுவாளா என்று பார்த்தாள். தட்டியது பக்கத்திலிருந்தவள்தான். அம்மாவுக்குத் தலையே நிமிரவில்லை.