முழங்கை உயரத்தில் ஒரு கண்

சிவநேசனின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். பினாங்கில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடுகிறவர்களில் அவனைவிடக் குள்ளம் எவனும் இல்லை. ஆறரை அடி ஆசாமிகளின் கைக்குக் கீழே குனிந்து புகுந்து, பந்தோடு வெளியே வருவதுதான் பதினோரு வருடமாக அவன் பிழைப்பு. அதில் ஒரே வில்லங்கம்: அவர்கள் சட்டென்று திரும்பினால் முழங்கை நேராக அவன் கண்ணுக்கு வரும்.

நான்கு நாளுக்கு முன் பயிற்சியில் அப்படித்தான் வந்தது. மறுநாள் இடது கண்ணில் மேலேயிருந்து கறுப்பாக ஏதோ இறங்கத் தொடங்கியது. இன்று பாதிக்குக் கீழே வந்துவிட்டது. மனைவி துளசியிடம்கூட அவன் சொல்லவில்லை. உடற்பரிசோதனையில் தேறினால்தான் அடுத்த ஆண்டு ஒப்பந்தம். ஒற்றைக் கண் குள்ளனை யார் எடுப்பார்கள்?

அதனால் நேற்றே இருமல் மருந்து வாங்குகிற சாக்கில் பரிசோதனை நடக்கிற கிளினிக்குக்குப் போய், சுவரில் இருந்த எழுத்துப் பலகையை வரிவரியாக மனப்பாடம் செய்துகொண்டான். ஆட்டத் திட்டங்களைப் பாடமாக்குகிற மண்டைக்கு அது பெரிய காரியமில்லை.

"சீக்கிரம் முடிச்சிட்டு வாடா குள்ளா. கெரெத்தாவ டபுள் பார்க்கிங்ல போட்டிருக்கேன்லா," என்றார் இன்று கிளினிக் வாசலில் குழு மேலாளர் மோகனராஜ். ஒப்பந்தத் தாள் அவர் கையில் இருந்தது.

உள்ளே தாதி ஷாஹிரா, "வலது கண்ண மூடிக்குங்கண்ணே. படிங்க," என்றாள். அவன் மூடிய பிறகுதான் இருட்டில் இருந்த பலகைக்கு விளக்கைப் போட்டாள்.

எதிரே கறுப்பு மட்டுமே தெரிந்தது. ஆனாலும் குரல் பிசகவில்லை. "ஈ... எஃப், பி... டி, ஓ, இசட்..." நான்காவது வரிவரை ஒப்பித்தான்.

அவள் பேனாவை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"சரிதானேம்மா?"

"அண்ணே... அந்தப் பலகைய காலையிலதான் கழட்டுனோம். சின்னப் பிள்ளைங்களுக்குன்னு வேற மாட்டியிருக்கோம். இதுல எழுத்தே இல்ல. வீடு, குடை, கப்பல்தான் இருக்கு."

"திரை மாதிரி இறங்குதும்மா," என்றான், தனக்கே கேட்காத குரலில்.

அவள் டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் வந்து கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். முகம் மாறியது. விழித்திரை கழன்றுகொண்டிருக்கிறது என்று சொல்லி, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அதைக் கொண்டுவந்து கொடுத்த ஷாஹிரா, "இன்னைக்கே போயாகணும். ஓடாதீங்க, குதிக்காதீங்க. குனியவே கூடாது," என்றாள்.

"மறுபடி ஆடலாமா?"

"மொதல்ல கண்ணு பிழைக்கட்டும்ணே."

வெளியே மோகனராஜ் சீட்டைப் படித்தார். ஒப்பந்தத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். சிவநேசனின் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து கிடந்தது. பழக்கத்தில் அவன் குனியப் போனான்.

"நில்லுடா!" என்று அதட்டிவிட்டு, அவரே தரையில் மண்டியிட்டுக் கட்டினார்.

சிவநேசன் வலது கண்ணை மூடிப் பார்த்தான். மோகனராஜின் தலை இருந்த இடத்தில் கறுப்பு.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இங்கதான்டா இருக்கேன்."

காலில் கயிறு இறுகுவது மட்டும் தெரிந்தது.