கூண்டுக்குள் சிரித்தவர்கள்

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் அந்த பெர்லின் ஸ்டூடியோவில் தும்மலைக்கூட விழுங்கியாக வேண்டும். படங்கள் பேச ஆரம்பித்த பிறகு வந்த சட்டம் இது. வருடக்கணக்கில் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றே காலம் தள்ளிய ஒட்டிலிக்கு இன்றுதான் முதன்முதலாக வசனம். காதல் கலாட்டாப் படம். கதையே ஒரு படப்பிடிப்பைப் பற்றியது. அதில் வாய்ப்புக் கேட்டு வந்து நடித்துக் காட்டும் பெண் அவள். "உங்களுக்குப் பிடிச்ச சோக வசனம் ஏதாவது மனசாரப் பேசுங்க, போதும்," என்றிருந்தார் டைரக்டர் கெஸ்லிங்.

முன்பு ஷ்டெட்டின் நகரத்து நாடகக் குழுவில் பேசிய வசனத்தையே எடுத்துக்கொண்டாள். போருக்குப் போகிறவனைப் போகாதே என்று கெஞ்சுவது. வாடகை அறையில் தலையணையில் முகம் புதைத்து ஒத்திகை பார்த்தாள். இதில் பேர் வாங்கினால் அடுத்த படத்தில் ஒரு வேடம் நிச்சயம். கேட்டுச் சந்தோஷப்பட வீட்டில் ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

விளக்கு எரிந்தது. கைகளை நீட்டினாள், மண்டியிட்டாள், நிஜமாகவே அழுதாள். அரங்கில் அப்படியொரு அமைதி. எல்லாரும் உருகிவிட்டார்கள் என்று நினைத்தாள், பாவம். தலையை நிமிர்த்தியபோது எதிரே காமிராக் கூண்டு. காமிராவின் இரைச்சல் மைக்கில் விழக்கூடாதென்று காமிராவோடு காமிராக்காரர்களையும் அதற்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். தடித்த கண்ணாடியைத் தாண்டி ஒரு சத்தமும் வெளியே வராது. அதன் பின்னால் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் மற்றவர்களைப் பார்த்தாள். மைக் பிடித்தவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒப்பனைக்காரி ட்ரூடே வாயில் கைக்குட்டையைத் திணித்திருந்தாள்.

விளக்கு அணைந்ததும் அரங்கமே வெடித்துச் சிரித்தது.

"பிரமாதம்!" கெஸ்லிங் கைதட்டினார். "எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துடலாம். அச்சு அசலா இதே மாதிரி. சிரிக்க வைக்கணும்னு மட்டும் முயற்சி பண்ணிடாதீங்க."

"நான் பண்ணவே இல்லியே சார்."

"அதான் வேணும்!"

ட்ரூடே பவுடர் ஒற்ற வந்தாள். "கோச்சுக்காதேடி."

"மூக்கு செவந்திருக்கா?"

"ஆமா."

"அப்படியே விடு. அதுக்கும் சிரிப்பாங்க."

மறுபடி விளக்கு எரிந்தது. அதே கைகள், அதே மண்டியிடல். இந்தத் தடவை அழுகை தானாக வரவில்லை, வரவழைத்தாள். அந்த அவமானத்திலும் குரல் பிசகவில்லை. கடைசி வரி வந்தபோது கண்ணாடியை நேராகப் பார்த்தாள்.

"உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?"

கூண்டுக்குள் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, போதும் போதும் என்பதுபோல் கையை ஆட்டிச் சிரித்தான்.