கண்ணை மூடி எடுத்த பிரஷ்

பட்டாசு அன்று காலையிலேயே வெடிக்க ஆரம்பித்துவிட்டார். சலூன்காரரான அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் வாடிக்கையாளர்கள். தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். முதல் சண்டை சட்டைப் பொத்தானோடு. "பொத்தானுக்கு ஓட்டை போடச் சொன்னா ஊசிக்குப் போட்டு வச்சிருக்கான் இந்தத் தையல்காரன்! மனுஷன் இதை எப்படி மாட்டுறது?" என்று வீடு அதிரக் கத்தினார். மனைவி வந்து ஐந்து பொத்தான்களையும் சடசடவென்று போட்டுவிட்டாள். அதற்கும் ஒரு வெடி: "நான் என்ன கைக்குழந்தையா?"

அவள் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள். எந்த வெடிக்கு வாயைத் திறக்க வேண்டும், எதற்குக் காதைப் பொத்திக்கொண்டால் போதும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

கடைக்கு வந்தால் மாப்பிள்ளை மேல் கோபம். மாப்பிள்ளை என்பது மனைவியின் தம்பி. கடையில் இரண்டே நாற்காலிகள். வாசல் பக்கத்து நாற்காலி பட்டாசுடையது, உள்பக்கத்தது மாப்பிள்ளையுடையது. மூன்று மாதமாக ஒரு அநியாயம் நடந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்காக வாசல் நாற்காலியில் உட்கார்ந்த ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே நழுவினார்கள். ஒருவருக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதாம். இன்னொருவருக்குத் தெருத் தூசி ஆகாதாம். வெளிச்சமும் தூசியும் இந்த மூன்று மாதமாகத்தான் இந்தத் தெருவுக்கு வந்தனவா என்ன? மாப்பிள்ளை ரகசியமாக ஆள் பிடிக்கிறான், கூட இருந்தே குழி பறிக்கிறான் என்று பட்டாசு முடிவுகட்டிவிட்டார். கேட்கவில்லை, முடிவுகட்டிவிட்டார். அவர் வழக்கமே அதுதான்.

மாறாமல் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் மருந்துக்கடைக்காரர். இன்னொருவர் பஸ் ஓட்டுநர். "என் கழுத்தைப் பட்டாசு கையில மட்டுந்தான் குடுப்பேன்" என்பார் ஓட்டுநர். இந்த இரண்டு பேரும் போய்விட்டால் வாசல் நாற்காலி காலி. நாற்காலி காலியானால் முப்பத்தைந்து வருஷம் கத்தி பிடித்த பட்டாசு சொந்தக் கடையிலேயே தரை கூட்டும் ஆள்.

அதற்காகத்தான் முந்தாநாள் புது பிரஷ் வாங்கினார். சாதாரண பிரஷ் இல்லை, பேட்ஜர் முடி பிரஷ். பேட்ஜர் என்பது வளை தோண்டி வாழும் ஏதோ ஒரு விலங்காம். பட்டாசு அதைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அதன் முடியைப் பற்றிக் கேட்டால், அந்த விலங்குக்கே தெரியாத சேதியெல்லாம் சொல்வார். நல்ல முடியின் நுனி தானாகவே மெலிந்து முடிந்திருக்க வேண்டும், கத்தரி பட்டிருக்கக் கூடாது. கட்டைவிரலால் வருடினால் குத்தவே கூடாது. அழுத்தினால் படுத்துவிடாமல் நிமிர வேண்டும். வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மூன்று பட்டையைப் பார்த்து வாங்குகிறவன் முட்டாள். பன்றி முடிக்குச் சாயம் போட்டே அந்தப் பட்டையைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆகவே பிரஷ் வாங்கும்போது பட்டாசு கண்ணைத் திறப்பதே இல்லை. இறுக மூடிக்கொண்டு விரலாலேயே பொறுக்குவார். "கண்ணை ஏமாத்தலாம். என் விரலை ஏமாத்த இனிமேதான் ஒருத்தன் பொறக்கணும்!"

அப்படிப் பொறுக்கிய பிரஷ்ஷை அன்றுதான் முதன்முதலாக நனைத்தார். மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கொதிக்கும் தண்ணீரிலிருந்து துண்டை எடுத்துப் பிழிந்து அவர் முகத்தில் போட்டதுமே, "ஐயோ, வெந்துபோச்சு!" என்று அவர் துள்ளி எழுந்தார்.

"கையில பிடிச்சுப் பிழிஞ்சவன் நான். எனக்குச் சுடலை, உங்களுக்குச் சுடுதா?" என்று எரிந்து விழுந்தார் பட்டாசு. பிறகு நுரையைக் குழைத்துக் கன்னத்தில் சுழற்றினார். நாலு சுற்றுகூட ஆகவில்லை.

"யோவ், என்னய்யா இது? பாத்திரம் தேய்க்கிற பிரஷ்ஷா? கன்னம் பிஞ்சு வருது!"

"பேட்ஜர் முடி ஐயா. ராஜா வீட்டுக் கன்னத்துக்குப் போடுறது."

"அப்போ ராஜாவுக்கே போடு." மருந்துக்கடைக்காரர் கழுத்துத் துணியோடும் பாதி நுரையோடும் எழுந்துபோய் உள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கன்னம் சிவந்து பொரிப்பொரியாய் இருந்தது. காத்திருந்த இரண்டு பேரும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். சிரிப்பை மறைக்கத்தான், வேறெதற்கு?

மாப்பிள்ளை அந்த பிரஷ்ஷை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினான். கிண்ணத்து நுரை லேசாகச் சாம்பல் பூத்திருப்பதையும் பார்த்தான். "அத்தான்," என்றான் தணிந்த குரலில், "இது பன்னி முடி. சாயம் விடுது."

பட்டாசுக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "நீ எனக்குச் சொல்லித் தர்றியா? நீ மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிஞ்சப்ப நான் கத்தி பிடிச்சவன்டா!" பிறகுதான் கோபம் போக வேண்டிய இடம் ஞாபகம் வந்தது. ஏமாற்றிவிட்டாள். பிரஷ் விற்ற அந்தக் கடைக்காரி தட்டை மாற்றி வைத்து ஏமாற்றிவிட்டாள். ஈர பிரஷ்ஷைப் பிடித்தபடி, செருப்புகூட மாட்டாமல் தெருவில் இறங்கினார்.

சலூன் சாமான் விற்கும் கடை இரண்டு தெரு தள்ளி. கத்தரியும் சீப்பும் தொங்கும் இடுக்கில் கடைக்கார அம்மாள் உட்கார்ந்து பிளேடு பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பட்டாசு பிரஷ்ஷை மேஜையில் ஓங்கி வைத்த வேகத்தில் பெட்டிகள் சரிந்தன.

"இருபது வருஷம் உன்கிட்ட வாங்கினவன் மூஞ்சியில கரி பூசிட்டியே! பன்னி முடியை என் தலையில கட்டினியே, வயித்துக்குச் சோறுதானே திங்கிற?"

வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். அவள் சரிந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள். அவருக்கு மூச்சு வாங்கியதும் தண்ணீர் எடுத்து வைத்தாள்.

"அண்ணே, முந்தாநாள் ரெண்டு தட்டு வச்சேன். இது பேட்ஜர், இது சாயம் போட்ட பன்னி முடி, விலை பாதின்னு சொல்ல வாயைத் திறந்தேன். 'எனக்கே சொல்றியா, தள்ளு'ன்னு ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிட்டுக் கண்ணை மூடிக்கிட்டீங்க. நீங்க எடுத்ததுக்குப் பாதி விலைதானே வாங்கினேன்?"

உண்மைதான். பழகின மரியாதைக்குக் குறைத்திருக்கிறாள் என்று மனைவியிடம் பெருமையடித்தது நினைவு வந்தது. அதுவே மேலும் எரிச்சல் மூட்டியது.

"அவசரத்துல எடுத்திருப்பேன். இப்ப வை. வைம்மா, பார்த்துடலாம்!"

அவள் இரண்டு பிரஷ்ஷை எடுத்து வைத்தாள். பட்டாசு கண்ணை மூடினார். கட்டைவிரலால் இதை வருடினார், அதை வருடினார். சுட்டுவிரல், நடுவிரல். எல்லாமே கையுறை போட்டுத் தொட்டது மாதிரி இருந்தது. நெற்றியில் வேர்த்தது. "இதுதான் பேட்ஜர்," என்று ஒன்றை நீட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

அவள் முகத்திலேயே பதில் இருந்தது.

"மாத்தி வை!" மாற்றி வைத்தாள். மறுபடியும் தப்பு. மூன்றாம் தடவை எதையுமே எடுக்கவில்லை. கையை வெறித்துப் பார்த்தபடி நின்றார். சுட்டுவிரல் நுனியில் கொப்புளம் ஒன்று உடைந்து தோல் தொங்கியது. காலையில் துண்டு பிழிந்தபோது வந்ததாக இருக்கும். வந்ததே தெரியவில்லை.

பிறகு, ஏதோ வெறி வந்தவர்போல், இரண்டு பிரஷ்ஷையும் எடுத்துத் தன் இரண்டு கன்னத்திலும் தேய்த்தார். ஒன்று சுரண்டியது. ஒன்று பூனை உரசுவதுபோல் போனது. கன்னத்துக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

"இது பேட்ஜர்! பார்த்தியா? இதுதான்!" என்று கூவினார். "இனிமே கன்னத்துல பார்த்து வாங்குவேன். அவ்வளவுதானே?"

கடைக்கார அம்மாள் அந்த பிரஷ்ஷைக் காகிதத்தில் சுற்றினாள். "எங்க வீட்டுக்காரருக்கும் சர்க்கரை, அண்ணே. பாதத்துல முள்ளு குத்தினதே தெரியாம நடந்தாரு." பொட்டலத்தை நீட்டிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "பிரஷ்ஷைக் கன்னத்துல பார்த்துடலாம். கத்தியை?"

"உன் வேலையைப் பாரு!" என்று ஒரு கத்தல் போட்டுவிட்டுப் பட்டாசு வெளியே வந்தார்.

வந்த வழியெல்லாம் யாரையாவது திட்ட வேண்டும்போல் இருந்தது, ஆள்தான் அகப்படவில்லை. தையல்காரன் ஓட்டையைச் சரியாகத்தான் போட்டிருக்கிறான். துண்டு நிஜமாகவே சுட்டிருக்கிறது. போன மாதம் வங்கிக்காரர் தாடையில் ரத்தம் வந்தபோது, "ஆடாம உக்காரத் தெரியாதா?" என்று அவரையே திட்டினாரே, அவர் அசையவே இல்லை. மாப்பிள்ளை யாரையும் இழுக்கவில்லை. வலித்தவர்கள் தாங்களாகவே போயிருக்கிறார்கள், பட்டாசுக்குப் பயந்து வெளிச்சம், தூசி என்று சாக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம், "எனக்குச் சர்க்கரையா? என்னை விட்டா கல்லையே செரிப்பேன்" என்று சீட்டைக் கிழித்துப் போட்டவர் யார்? எல்லாக் கோபமும் சுற்றிச் சுற்றி ஒரே ஆளிடம் வந்து நின்றது. அவனை என்ன செய்வது? மின்கம்பத்தில் விரல்களை ஓங்கிக் குத்தினார். மணிக்கட்டுதான் வலித்தது.

மூன்று மணிக்கு ஓட்டுநர் வந்தார். வழக்கம்போல் வாசல் நாற்காலியில் விழுந்து, கண்ணை மூடி, கழுத்தை அண்ணாந்து கொடுத்தார். "தொடங்கு பட்டாசு. ரெண்டு ஷிப்ட் ஓட்டிட்டு வர்றேன், அப்படியே தூங்கிடுவேன்."

பட்டாசு துண்டைப் பிழிந்து, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஆறவிட்டுப் போட்டார். மாப்பிள்ளை அதைக் கவனித்தான். புது பிரஷ் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கனத்தது. நுரை வெண்ணெயாய் வந்தது. நுரை போடக் கண் போதும், கையின் பழக்கம் போதும். ஓட்டுநர் சுகமாக முனகினார்.

பிறகு கத்தியை விரித்தார். தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் இடது கை விரல்களை வைத்துத் தோலை இழுத்தார். முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அந்த விரல்கள்தான் இத்தனை வருஷமும் சொல்லும். இன்று அவை எதுவும் சொல்லவில்லை. விரலுக்கடியில் ஒரு நரம்பு துடிப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது.

அவருக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். வாயைத் திறக்காமல் கத்தியை அவன் பக்கம் நீட்டினார்.

மாப்பிள்ளை ஒரு கணம் திகைத்தான். சத்தமில்லாமல் வந்து வாங்கிக்கொண்டான். கத்தி காதோரத்திலிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து கழுத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

ஓட்டுநர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கைன்னா இதான்யா கை. உன் மச்சான் தலைகீழா நின்னாலும் இது வராது, பட்டாசு."

மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது. தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி அத்தானைப் பார்த்தான். பட்டாசு நாற்காலிக்குப் பக்கத்தில், பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றிருந்தார். நுரை மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது.

"வாயை மூடுய்யா!" என்று கத்தினார். "தொண்டையில கத்தி இருக்கு!"

குரல் வழக்கம்போல் கடை அதிர வந்தது. ஓட்டுநர் சிரித்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டார். கத்தி பட்டாசின் கையில்தான் இருக்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை.