நாற்பத்தோராவது விதி

படிவத்தில் இரண்டு கட்டங்கள். கீழே 'காரணம்' என்று நான்கு கோடுகள். பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கு எந்தக் கருவி என்று அவள் நாளைக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். "இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு யோசனை? பம்பு கம்பெனிக்குப் போட்டதையே போட்டுத் தள்ளுங்க" என்றிருந்தார் மேலாளர்.

சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே அக்கா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கட்டங்களில் இருந்த இரண்டுமே நிபுணர்களின் அறிவை 'இப்படி இருந்தால் இப்படி' என்று விதிகளாக வைத்துக்கொள்ளும் கணினிக் கருவிகள்தான். யோசிக்கும் திசைதான் வேறு. முதலாவதிடம் நாம் ஒரு சந்தேகத்தோடு போய் நிற்க வேண்டும். அது அங்கிருந்து பின்னோக்கி நடந்து, சத்தம் வருகிறதா, சூடாகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடிவு சொல்லும். நின்றுபோன பம்புக்கு அது தங்கம். இரண்டாவதை யாரும் கேட்கவே வேண்டாம். தகவல் வந்து விழ விழ விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்திய நொடியில் தானே குரல் கொடுக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன், அறுவை சிகிச்சை வார்டுக்கு அவள் முதலாவதைத்தான் தேர்ந்தெடுத்தாள். அது கேள்வி கேட்கும் அழகில் அவளுக்கு ஒரு மயக்கம். "உங்கக்கா மாதிரியே கேள்வி கேட்டே கொல்லுமா?" என்று அத்தான் சிரித்தார்.

அடுத்த மாதம் ஆபரேஷன் முடிந்து அதே வார்டில் அத்தான் படுத்திருந்தார். நாடித்துடிப்பு கொஞ்சம் ஏறியது, ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, சிறுநீர் கொஞ்சம் குறைந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தவில்லை. நர்ஸ் மூன்றையும் சரியாகப் பதிந்துகொண்டே இருந்தார். மூன்றும் சேர்ந்தால் உள்ளே ரத்தக்கசிவு என்பது அந்தக் கருவியின் நாற்பத்தோராவது விதி. அவளே எழுதியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை; யாரும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள் அவள் போய் அதனிடம் கேட்டாள். கண் இமைக்கும் நேரத்தில் பதில் வந்தது.

"நீ செஞ்ச மெஷினுக்கே தெரியல. அவர் தலையெழுத்து அப்படி," என்றாள் அக்கா, படிவத்தைப் பார்த்தபடி. வருகிறவர்கள் எல்லோரிடமும் அக்கா சொல்லி ஆறுதல் தேடிக்கொள்ளும் வாக்கியம் அது. இவளும் ஒருமுறைகூட மறுத்ததில்லை. கேட்டால் சொல்லலாம் என்றே இருந்துவிட்டாள்.

அவள் இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தாள். பிறகு அன்று யாரும் கேட்காமல் போனதையே காரணமாக எழுதி நான்கு கோடுகளையும் நிரப்பினாள்.

"என்னடி இவ்வளவு எழுதறே?"

அவள் படிவத்தை அக்கா பக்கம் திருப்பி வைத்தாள்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அத்தானின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனாள். மூன்றாவது கோட்டில், நாற்பத்தொன்று என்ற எண்ணின் மேல், விரல் நின்றது.