கழுத்துக்குக் கீழே ஒரு வெல்டு

வண்டியை வாங்கப் பல் டாக்டர் வருவதற்குச் சில நாட்கள் முன்புதான் தம்பி அந்தப் பழைய பந்தய பைக்கைச் சாய்த்து அடிப்பக்கம் பார்த்தான். பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அக்கா, இங்க ஒரு வெல்டு இருந்துச்சே?”

“ஆமா. வாந்தி எடுத்த மாதிரி இருந்துச்சு. பக்கத்துல விரிசல் வேற. வெட்டி எடுத்துட்டு ஒழுங்கா போட்டேன்.” அக்கா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். “பெயிண்டும் அடிச்சாச்சு. எந்த இடம்னு கண்டுபிடி பாப்போம்.”

அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் வினையாகிப் போனது.

கொட்டகையின் முன்பாதி அக்காவின் வெல்டிங் பட்டறை. கேட், டிரெய்லர், மாடிப்படி. பின்பாதியில் தம்பி பழைய மோட்டோகிராஸ் வண்டிகளைச் சேர்த்து வைத்து விற்கிறான். சேற்றில் புரண்டு, மண்மேட்டில் ஏறி, பறவை மாதிரி கொஞ்ச நேரம் காற்றில் நிற்கும் வண்டிகள். கடையில் விற்ற ரகம் அல்ல, கம்பெனி தன் சொந்த அணிக்கு மட்டும் கையால் செய்தவை. பந்தயங்கள் முடிந்ததும், ரகசியம் வெளியே போகாமல் இருக்க, கம்பெனியே அவற்றை வெட்டிப் போட்டுவிடும். தப்பிப் பிழைத்தவை கொஞ்சம்தான், போலிகள் ஏராளம். எது நிஜம் என்பதை அடிபட்ட இடங்களை வைத்துத்தான் சொல்ல முடியும். தம்பி நிஜம் என்றால் நிஜம் என்று ஊர் ஊராக நம்பினார்கள். அவனுடைய தொழிலே அந்த நம்பிக்கைதான்.

இந்த வண்டிக்கு அடையாளம், ஹேண்டிலின் கழுத்துக்குக் கீழே இருந்த வெல்டு. ஒரு பந்தயத்தின் நடுவில் ஃபிரேம் விரிசல் விட, கொட்டும் மழையில் யாரோ குடை பிடிக்க, அணியின் மெக்கானிக் அவசரமாக வைத்த ஒட்டு. அதன் பழைய புகைப்படம் பல் டாக்டரிடம் இருக்கிறது.

“தொடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“விரிசல் விட்ட ஃபிரேமைப் பாத்துட்டு உன்னைத் தேடிட்டு இருப்பேனா? ஏறி உக்காந்தவன் மூஞ்சி என்ன ஆகும்?” என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “சரி, அவர்கிட்ட நடந்ததைச் சொல்லிடுடா. பழைய வெல்டைப் போன்ல படம் எடுத்திருப்பியே.”

“வேற வண்டியோட படம்பாரு. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.” அவன் எழுந்தான். “நீயே மறுபடி போடு. அதே மாதிரி.”

அக்கா உதவாத குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து முயன்று பார்த்தாள். கையை நடுங்கவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டுகூடப் போட்டாள். ஒவ்வொரு முறையும் கோடு, அடுக்கி வைத்த காசு போல அழகாக வந்தது.

“அசிங்கமா வரமாட்டேங்குதுடா.”

“என் நேரம்,” என்று வெல்டிங் டார்ச்சைப் பிடுங்கினான். அவனுக்கு வெல்டிங் வராது. வண்டியில் அவள் போட்டிருந்ததைத் தேய்த்து எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் தானே ஒன்றை வைத்தான். கட்டி கட்டியாக, கோணலாக. படத்தில் இருந்ததேதான்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். “உள்ள பிடிக்கவே இல்ல, மேலாப்புல ஒட்டிக்கிட்டு இருக்கு. குழாயையும் தேய்ச்சு மெலிசாக்கிட்ட. இது தாங்காதுடா.”

“எதைத் தாங்கணும்? கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்கப்போற வண்டி.”

பல் டாக்டர் வந்ததும் நேராகத் தரையில் படுத்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து, பல் பார்க்கும் சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்தார். “எங்க, வாயத் திற,” என்று வண்டியிடம் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கண்ணாடியை ஃபிரேமுக்கு அடியில் விட்டு, மறு கையில் படத்தைப் பிடித்து, மாற்றி மாற்றிப் பார்த்தார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

“இதேதான். சின்ன வயசுல அந்த மழையில வேலிக்கு வெளிய நின்னு பாத்தேன். குடை பிடிச்சவரோட கை ஆடினது இன்னும் ஞாபகம் இருக்கு.”

தம்பி தலையை மட்டும் ஆட்டினான்.

“அடுத்த மாசம் பழைய வண்டிகளுக்குன்னே ஒரு ரேஸ் இருக்கு,” என்றார் டாக்டர். “என் பொண்ணு இதைத்தான் ஓட்டப்போறா.”

“பெட்டிக்குள்ள வைக்கறேன்னு சொன்னீங்களே?” என்றாள் அக்கா.

“சொன்னேன். அவ கேக்கணுமே! தாவாத வண்டி வண்டியே இல்லயாம்.”

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுத்தமான விரல்களை.

“டயர் பழசு சார். மாத்திட்டு ஓட்டச் சொல்லுங்க,” என்றான்.

அவள் காத்திருந்தாள். அடுத்து அவன் செயினைப் பற்றிச் சொன்னான். அதற்கடுத்து பிரேக்.

“சார், இதை ஓட்டக்கூடாது,” என்றாள் அக்கா. “அந்த வெல்டு இவன் போட்டது. போன வாரம். முதல் தாவுலயே கழுத்து உடைஞ்சிடும்.”

டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். அவன் மறுக்கவில்லை.

“வண்டி நிஜம் சார்,” என்று அக்காவே தொடர்ந்தாள். “பழைய வெல்டை அழிச்சது நான். விரிசல் இருந்துச்சுன்னுதான்...”

டாக்டர் வட்டக் கண்ணாடியைக் கைக்குட்டையில் துடைத்துப் பையில் வைத்தார். “உங்ககிட்ட வாங்கின இன்னொரு வண்டி வீட்ல நிக்குதுப்பா,” என்றார் தம்பியிடம். “இனிமே அதை நான் எப்படிப் பாக்கறது?” பதிலுக்கு நிற்காமல் வெளியே போனார். கார் கிளம்பும் சத்தம் வர நேரமானது.

“நிஜ வண்டிதான்க்கா அது,” என்றான் தம்பி.

“தெரியும்டா.”

“உனக்குத் தெரிஞ்சு என்ன?”

அக்கா வெல்டிங் முகமூடியை எடுத்துக்கொண்டு வண்டியருகே வந்தாள். “தள்ளு. அதை எடுத்துட்டு ஒழுங்கா போட்டுத் தர்றேன். அப்படியே விட்டா என்னைக்காவது யாராவது ஏறுவாங்க.”

“தொடாத.”

சத்தம் போடவில்லை அவன். வண்டியின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, அவள் கைக்கு எட்டாதபடி, கொட்டகையின் பின்பாதிக்குள் மெல்ல உருட்டிக்கொண்டு போனான். ஷட்டர் பாதி இறங்கியது. அதன் கீழே அவன் கால்களும் இரண்டு டயர்களும் தெரிந்தன. முகமூடியைக் கையில் வைத்தபடியே அவள் நின்றாள்.